குண்டூசி இல்லாத தெரு

பெரிய டாக்டரின் அறைச் சுவரில் மலாக்கா பட்டணத்தின் வரைபடம் ஒன்று தொங்கியது. ஒரு கதவின் அகலம் இருக்கும். தினமும் காலையில் கோழி இறகுத் துடைப்பத்தால் அதைத் தூசி தட்டுவது என் வேலைகளில் ஒன்று. அந்த ஆஸ்பத்திரியில் நான் அட்டெண்டனாக இருந்தேன். படத்தில் இருந்த எழுத்தெல்லாம் ஆங்கிலம். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவனுக்கு அதைப் படிக்க வராது. ஆனாலும் கோடுகளை வைத்துத் தெருக்களைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஆற்றைத் தாண்டி வளைந்து போகும் ஒரு கோடுதான் காஜா பேராங். அந்தக் கோட்டில் ஒரு கட்டைவிரல் நகத்தின் அகலத்துக்குள் கம்போங் செட்டி என்ற குடியிருப்பும், அம்மன் கோயிலும், நாங்கள் வாடகைக்கு இருந்த வரிசை வீடும் அடங்கிவிடும். துடைப்பம் அந்த இடத்துக்கு வரும்போது மெதுவாகத் தட்டுவேன்.

வெள்ளைக்காரனிடமிருந்து மெர்டேக்கா கிடைத்த மறு வருஷம் அந்தப் படத்தில் குண்டூசிகள் ஏறின.

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு வேன் வந்திருந்தது. அதில் ஒரு நர்ஸ் மிஸ்ஸியையும், காயத்துக்குக் கட்டுப் போடும் ஒரு டிரஸ்ஸரையும், மருந்துப் பெட்டியையும், குழந்தைகளை நிறுக்கும் தராசையும் ஏற்றி வாரத்தில் இரண்டு நாள் வெளியே அனுப்பலாம் என்று முடிவாயிற்று. எந்த இடத்துக்கு முதலில் அனுப்புவது என்பதுதான் கேள்வி. முன்பிருந்த வெள்ளைக்கார டாக்டர் என்றால் ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போயிருப்பார். அவருக்குப் பிறகு வந்தவர் ஒரு சீன டாக்டர், உள்ளூர்க்காரர். "சத்தமாகக் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கக் கூடாது, தேவை இருக்கிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும்" என்று மலாயில் சொன்னார். வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதி வரச் சொன்னார். அப்படி எழுதி வந்த தாள்களைப் பார்த்துக் கணக்கு எழுதும் கிராணி படத்தில் ஊசி குத்துவார். ஒரு மாதத்துக்கு மேல் இருமல் இருந்தால் சிவப்பு. காய்ச்சலுக்கு நீலம். அந்த வருஷம் குழந்தை இறந்த வீட்டுக்குக் கறுப்பு.

வீடுகளுக்குப் போன மிஸ்ஸி பினாங்கிலிருந்து மாற்றலாகி வந்தவர். நாற்பது வயதிருக்கும், நல்ல உயரம், நடந்தால் நாம் ஓட வேண்டும். காஜா பேராங்குக்குப் போகும் நாளில் என்னைத் துணைக்கு எடுத்துக்கொண்டார்.

"நீ அந்தப் பக்கம்தானே தம்பி? ஆளுங்களை உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் மிஸ்ஸி."

"அப்ப நீ பேசு, நான் எழுதறேன்."

அதைக் கேட்டுக் கிராணி சிரித்தார். "இவனா பேசப் போறான்? மிஸ்ஸி, இவன் ரெண்டு வருஷமா எனக்குத் தேத்தண்ணி கொண்டாந்து வைக்கிறான். சக்கரை போட்டிருக்கா இல்லையான்னு நான் குடிச்சுப் பாத்துத்தான் தெரிஞ்சிக்கிறேன்."

அவர் என்னை ஊமை என்றுதான் கூப்பிடுவார். நான் கோபித்துக்கொண்டதில்லை. பேச வேண்டிய இடத்தில் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஆனால் அந்த வேன் எங்கள் பக்கம் வர வேண்டும் என்று அந்த ஆஸ்பத்திரியில் யாரையும்விட அதிகமாக வேண்டிக்கொண்டவன் நான்தான். என் மனைவிக்குத் தீபாவளிக்குப் பிறகு தொடங்கிய இருமல் நிற்கவில்லை. அவள் நன்றாகச் சிரிக்கக்கூடியவள். பக்கத்து வீட்டில் ஏதாவது நடந்தால் அதை அப்படியே நடித்துக் காட்டிச் சிரிப்பாள். அந்த நாட்களில் சிரிப்பு வந்தால் இருமலும் வந்துவிடும் என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணால் மட்டும் சிரித்தாள். மகளுக்கு அப்போது எட்டு மாதம்.

காசநோய்க்காரர்கள் இருந்த டிபி வார்டுக்குச் சாப்பாட்டு வண்டி தள்ளுகிறவன் நான். அந்த இருமலின் சத்தம் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு வா என்று கூப்பிட்டுப் பார்த்தேன்.

"வந்தா என்ன சொல்லுவாங்க?" என்றாள்.

"நெஞ்சப் படம் எடுத்துப் பாப்பாங்க."

"அப்புறம் அந்தக் கடைசி வார்டுல படுக்க வெப்பாங்க. நீங்க வண்டி தள்ளிக்கிட்டு வந்து எனக்குச் சோறு போடுவீங்க. பிள்ளைய யாரு பாக்குறது? வீட்டுச் சொந்தக்காரனுக்குத் தெரிஞ்சா மறுநாளே பொட்டிய வெளிய வெச்சிடுவான்."

அவளே மறுபடி சொன்னாள்: "கோயில்கிட்ட வேன் வரும்னு சொன்னீங்கல்ல. வந்தா, பிள்ளைய நிறுக்கிற மாதிரி போயி காட்டுறேன். அதுக்கு முன்னால என்னைக் கூப்புடாதீங்க."

அதனால் அவளுடைய உடம்பு அந்த வேனைப் பொறுத்திருந்தது.

நாங்கள் கணக்கெடுக்கப் போன வாரத்தில் அம்மன் கோயிலில் கொடி ஏறியிருந்தது. தேதி குறித்தது ஆஸ்பத்திரி. கோயிலில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அம்மை நோய் வராமல் காப்பவள் என்று கும்பிடப்படும் அம்மன் அது. கொடி ஏறிய பத்து நாளும் அந்த வட்டாரத்தில் எந்த நோயின் பெயரையும் வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் அது வாசல் தாண்டி உள்ளே வந்துவிடும். கம்போங் செட்டிக்காரர்களிடம் இது கண்டிப்பான பழக்கம். அவர்கள் எங்களைப்போல ரப்பர் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்தவர்கள் இல்லை. பல தலைமுறைக்கு முன்பே வந்து இந்த ஊரோடு கலந்தவர்கள். சாமி நம் சாமி, பேச்சு மலாய். பக்கத்தில் குடியிருந்த நாங்களும் அந்தப் பத்து நாள் வாயைக் கட்டிக்கொள்ளப் பழகியிருந்தோம்.

முதல் வீடே எனக்குத் தெரிந்த வீடு. நான் அக்கா என்று கூப்பிடும் செட்டி அம்மாள் ஒருவர் பலகாரம் செய்து விற்பவர். கெபாயாவும் சாரோங்கும் கட்டி, நெற்றியில் திருநீற்றோடு நின்றார். நிலைப்படியில் புது மாவிலைத் தோரணம். "மாசோக், மாசோக்" என்று உள்ளே வரச் சொல்லி, இரண்டு கண்ணாடித் தம்ளரில் ரோஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இருமல் உண்டா என்று மிஸ்ஸியே மலாயில் கேட்டார். நான் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"செமுவா பாய்க்" என்றார் அக்கா. எல்லாரும் நலம்.

அந்த நேரம் பார்த்துத் திரைக்குப் பின்னால் ஒருவர் இருமினார். நீளமான, நெஞ்சைக் கிழிக்கிற இருமல். அக்கா கையைத் தட்டி, "சூ, சூ" என்று கொல்லைப் பக்கம் பார்த்து விரட்டினார். மிஸ்ஸி புருவத்தைத் தூக்கினார்.

"ஆயாம்" என்றார் அக்கா. கோழி.

வெளியே வந்ததும் மிஸ்ஸி என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி, உங்க காஜா பேராங் கோழிக்கெல்லாம் இருமல் வருமோ?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். இது கொடி ஏறிய வாரம், பத்து நாள் கழித்து வருவோம் என்று ஒரு வரி போதும். நாக்கு எழவில்லை.

வீட்டுக்கு வீடு அதே பதில். மாவிலை, ரோஸ் தண்ணீர், எல்லாரும் நலம். ஒரு வீட்டில் நீர்மோர் கொடுத்தார்கள். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மிஸ்ஸி கோயில் கொட்டகையில் ஒதுங்கி, மிச்சம் இருந்த தாள்களை என் கையில் கொடுத்தார்.

"உங்க வரிசை வீடு மட்டும்தானே பாக்கி? நீயே கேட்டு எழுதிட்டு வா. நோயாளி இருந்தா கோடு, இல்லாட்டி முட்டை. இது போதும்."

ஆங்கில எழுத்து தெரியாதவனும் செய்யக்கூடிய வேலை. வரிசையில் எட்டு வீடு. மழையில் ஓடி ஓடிக் கேட்டேன். எல்லா வீட்டிலும் முட்டை. கடைசியில் என் வீட்டு வாசலில் நின்றேன். மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவருகே வந்தாள். என் கையில் இருந்த தாளைப் பார்த்தாள்.

"என்ன எழுதப் போறீங்க?"

அவள் கேட்ட விதத்தில் கெஞ்சலும் இருந்தது, மிரட்டலும் இருந்தது. நான் கதவில் தாளை வைத்து, இருமல் என்ற கட்டத்தில் ஒரு முட்டை போட்டேன். பென்சிலை அழுத்திப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது, ஈரத் தாள் கொஞ்சம் கிழிந்தது.

அடுத்த வாரம் படத்தைத் தூசி தட்டப் போனபோது துடைப்பத்தை வைத்துவிட்டு நின்றேன். புக்கிட் காதில் பக்கம் சிவப்பும் நீலமும் நெருக்கமாக இருந்தன. அப்போது அங்கே ரப்பர் காடும் கம்போங்குகளும்தான். ஆற்றோரம் கறுப்பு. காஜா பேராங்கில் ஒன்றும் இல்லை. கட்டைவிரல் நகம் அளவு இடம் வெள்ளையாக, கழுவி விட்டதுபோல் இருந்தது.

டாக்டர் பார்த்துச் சந்தோஷப்பட்டாராம். கிராணிதான் சொன்னார். "ஊமை, உங்க ஆளுங்க எல்லாரும் பயில்வானுங்களாமே. வேன் ரெண்டு நாளும் புக்கிட் காதிலுக்குத்தான். வியாழக்கிழமை கூட்டத்துல கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சுது."

அன்றைக்குச் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு டிபி வார்டுக்குள் போனேன். நாலாவது கட்டிலில் இருந்தவர் எங்கள் ரோட்டில் சைக்கிள் ஒட்டுப் போடுகிறவர். ஏழாவது கட்டிலில் கோயிலுக்குப் பின்னால் குடியிருந்த மீன்காரர். ஜன்னலோரம் கம்போங் செட்டியைச் சேர்ந்த ஒரு வாலிபர், தபால் ஆபீசில் வேலை. மூன்று பேரும் நடக்க முடியாமல் போன பிறகு தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்கள். அவர்கள் தட்டில் நான் தினமும் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் படத்தில் அவர்கள் தெருவில் நோயே இல்லை.

வியாழக்கிழமை காலையில் வழக்கத்தைவிட முன்னதாகவே போனேன். ஊசிகள் ஒரு மில்க் டின்னில் இருந்தன. சிவப்புத் தலை ஊசிகளை எடுத்தேன். சைக்கிள் ஒட்டுக்காரருக்கு ஒன்று. மீன்காரருக்கு ஒன்று. தபால் ஆபீஸ் வாலிபருக்கு ஒன்று. ரோஸ் தண்ணீர் கொடுத்த அக்கா வீட்டுத் திரைக்கு ஒன்று. ஐந்தாவது ஊசியை வரிசை வீட்டின் கோடியில் வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு குத்தினேன்.

திரும்பினால் கதவருகே மிஸ்ஸி.

"யாரு குத்துனது?"

"நான்தான் மிஸ்ஸி."

"ஆஸ்பத்திரிப் படத்துல விளையாடுறியா?"

"விளையாடல."

அதற்குமேல் வரவில்லை. விரலால் காட்டினேன். "இது நாலாம் கட்டிலு. இது ஏழு. இது ஜன்னலோரம். இது அந்தக் கோழி."

மிஸ்ஸியின் முகத்தில் சிரிப்பு வந்து நின்றது. கடைசி ஊசியைத் தொட்டார். "இது?"

"இது எங்க வீடு."

அவர் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். டாக்டர் அறை நாற்காலியில் நான் உட்கார்ந்தது அந்த ஒரு முறைதான். கொடி ஏறினால் நோய் பேசமாட்டார்கள் என்பதைச் சொன்னேன். மழையில் போட்ட முட்டையையும் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது கிடையாது. குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

"இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க கேக்கல."

"நான் கேக்கலையா? நாலு மணி நேரம் உன் கூடத்தானே சுத்துனேன். ரோஸ் தண்ணி குடிச்சுக் குடிச்சு எனக்கு வயிறு ஊதிப்போச்சு லா." பிறகு எழுந்து, நான் குத்திய ஐந்து ஊசியையும் பிடுங்கி டின்னில் போட்டார்.

"தாள் இல்லாம ஊசி கிடையாது தம்பி. நாளைக்கு இன்னொருத்தன் வந்து தன் மாமியார் வீட்டுல நாலு குத்துவான். தாளைத் திருப்பி எழுதணும். கொடி எறங்கிடுச்சா?"

"ஞாயித்துக்கிழமையே எறங்கிடுச்சு."

மிஸ்ஸி டாக்டரிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. கூட்டம் ஒரு வாரம் தள்ளிப்போனது. அன்று மத்தியானமே இரண்டு பேரும் கிளம்பினோம். வழியில் மிஸ்ஸி சொன்னார்: "முதல்ல உங்க வீடு. அங்க எழுதாம மத்த வீட்டுல போயி நான் எந்த முகத்தோட கேக்குறது?"

மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மிஸ்ஸியின் வெள்ளை உடுப்பைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள்.

"நீங்களே சொல்லிட்டீங்களா?"

"ம்."

வரிசை வீடு என்பதால் எட்டு வாசலிலும் தலைகள். பலகாரக் கூடையோடு வந்த அக்காவும் ரோட்டில் நின்றுவிட்டார். மிஸ்ஸி உள்ளே போய்ப் பேசலாம் என்றார். மனைவிதான் வேண்டாம் என்றாள். "உள்ள போனாலும் இந்தப் பலகைச் சுவத்துல எல்லாருக்கும் கேக்கும் மிஸ்ஸி. இங்கேயே எழுதுங்க. ஆறு மாசமா இருமல். சாயங்காலமானா காய்ச்சல். ரெண்டு தடவ ரத்தம் வந்துச்சு, இது அவருக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாதுதான். பக்கத்து வீட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

மிஸ்ஸி எழுதி முடித்தார். முதலில் அசைந்தவர் அக்காதான். கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, கிட்டத்தட்ட கோபமாக, தன் வீட்டுக்கு வரும்படி மலாயில் சொன்னார். "என் தம்பி உள்ளே படுத்திருக்கிறான். அன்றைக்கு நீங்கள் கேட்ட கோழி அவன்தான்." மிஸ்ஸி அதை எனக்குத் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அக்காவும் சிரித்தார். அன்றைக்கும் ரோஸ் தண்ணீர் வந்தது. சாயங்காலத்துக்குள் தாள் தீர்ந்துபோய், மிச்சத்தைப் பலகாரம் சுற்றும் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதினோம்.

இப்போது நினைத்துப் பார்த்தால் அந்த நாள் முழுவதும் ஒரே வெளிச்சமாக இருந்ததுபோல் தோன்றுகிறது. ஈரத் துணி வாசனை, மாவிலை காய்ந்து சுருண்ட தோரணங்கள், மிஸ்ஸியின் செருப்புச் சத்தம், பின்னால் பையோடு நான். ஒவ்வொரு வாசலிலும் மனிதர்கள் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சொன்னார்கள். சிலர் கேட்காததையும் சொன்னார்கள். ஒருவர் தன் மூட்டு வலியோடு மருமகளைப் பற்றியும் எழுதச் சொன்னார்.

கூட்டத்தில் புதன்கிழமையைக் காஜா பேராங்குக்குக் கொடுத்தார்கள். திங்கள் புக்கிட் காதிலுக்கு. இரண்டு நாளும் தங்களுக்குத்தான் என்று நம்பியிருந்தவர்களிடமிருந்து ஒரு நாளை எடுத்து எங்களுக்குக் கொடுத்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஒரு திங்கட்கிழமை வேனில் உதவிக்குப் போயிருந்தேன். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், "புதன்கெழமையும் வரும்னாங்களே, ஏங்க வரல?" என்று கேட்டாள். அந்தக் குழந்தையைத் தராசில் நானே ஏற்றி வைத்தேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

முதல் புதன்கிழமை கோயில் கொட்டகையில் பெஞ்சு போட்டு, அட்டையில் நம்பர் கொடுத்தேன். நம்பரைக் கூப்பிடுவதும் என் வேலை. "தம்பி, சத்தமா கூப்புடு," என்று மிஸ்ஸி அதட்டினார். அக்கா பெஞ்சில் இருந்து, இவன் கூப்பிடுவது கோயில் மணிக்குக்கூடக் கேட்காது என்றார். பதினோராம் நம்பரைக் கூப்பிட்டேன். என் மனைவி குழந்தையோடு எழுந்து, என்னைத் தெரியாதவள்போல் கடந்து உள்ளே போனாள்.

நெஞ்சைப் படம் எடுத்தார்கள். அவள் பயந்தபடியே கடைசி வார்டில் படுக்க வேண்டியிருந்தது. நான் வண்டி தள்ளிக்கொண்டு போய்ச் சோறு போட்டேன். மற்றவர்களுக்குப் போட்ட அளவுதான் அவளுக்கும் போட்டேன், அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். வீட்டுக்காரர் பெட்டியை வெளியே வைக்கவில்லை. வைக்கவும் முடியாது, அவர் பெயரும் அந்தக் காகிதங்களில் இருந்தது. மகளை அக்கா தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். தம்பி முன்னறையில் தனியாகப் படுத்திருக்க, குழந்தை சமையலறையில் பலகாரத் தட்டுகளுக்கு நடுவே தவழ்ந்தது, எழுந்தது, நடந்தது.

அக்காவின் தம்பியும் பிறகு அதே வார்டுக்கு வந்தார். அவர் பிழைக்கவில்லை. இன்னும் முன்னாடியே வந்திருந்தால் என்று டிரஸ்ஸர் சொன்னபோது, கோழி என்று விரட்டிய அந்தக் கைத்தட்டல் எனக்குக் கேட்டது. அக்காவிடம் அதை நான் ஒருநாளும் பேசியதில்லை. அவரும் என் முட்டையைப் பற்றிக் கேட்டதில்லை.

ஒரு வருஷம் கழித்துக் குணமாகி என் மனைவி வீட்டுக்கு வந்த அன்று நான் அரை நாள் லீவு போட்டேன். அக்கா குழந்தைக்குத் தலைசீவி, பவுடர் பூசி வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். இவள் கையை நீட்டி, "அம்மாகிட்ட வா தங்கம்" என்றாள். மகள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அக்காவின் சாரோங்கைப் பிடித்துக்கொண்டு, தெளிவான மலாயில், "தாமாவ்" என்றாள். வரமாட்டேன்.

அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. மனைவி தரையில் அப்படியே உட்கார்ந்தாள். "பாத்தீங்களா, இவளுக்கு உங்க வாய் இல்ல" என்றாள். முந்தானை மடியில் கிடந்தது. வாயைப் பொத்தாமல் சிரித்தாள், நீளமாக, அந்த வரிசை முழுவதும் கேட்கும்படி. நான் இருமலுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். அது வரவில்லை.